‘சிக்னல் இல்லை’ என்று சொல்வது யார்? டிஷ் ரிசீவரை டிவியுடன் இணைப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

திரையில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்ததும் பலரும் நேராக டிஷ்ஷுக்குத்தான் போகிறார்கள். ஏணி போட்டு ஏறி, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறார்கள். கடைசியில் பார்த்தால், யாரோ டிவி ரிமோட்டில் இன்புட் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். சரியாக இருந்த டிஷ் இப்போது உண்மையிலேயே திசை மாறிப் போயிருக்கும். ஒரு நிமிட வேலை ஒரு நாள் வேலை ஆகிவிடும். நானும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை இங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்த எழுத்தைப் பார்த்தவுடன், அதைச் சொல்வது டிவியா ரிசீவரா என்று கண்டுபிடியுங்கள். வழி எளிது. ரிசீவரின் ரிமோட்டை எடுத்து மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு திரையில் வந்தால் ரிசீவருக்கும் டிவிக்கும் இடையிலான இணைப்பு நன்றாக இருக்கிறது. டிஷ் பக்கத்திலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. மெனு வரவில்லையென்றால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். கோளாறு ரிசீவருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிறது, அல்லது டிவி வேறு இன்புட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அல்லது ரிசீவரே உயிரோடு இல்லை.

ரிசீவர் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் திருகி மாட்டும் கேபிளில் வருவது ஒன்று, டிவிக்குப் போகும் கேபிளில் போவது இன்னொன்று. இரண்டையும் நாம் ‘சிக்னல்’ என்றே சொல்கிறோம். குழப்பத்தில் பாதி இந்த ஒரே பெயரால் வருகிறது.

டிஷ்ஷிலிருந்து ரிசீவர் வரை

இந்தப் பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டு டிஷ்களுக்கு வரும் அலைகள் பெரும்பாலும் கேயு பேண்டைச் சேர்ந்தவை. டிஷ்ஷில் அலைகளைப் பிடிக்கும் கருவிக்கு எல்என்பி என்று பெயர்; பரவலாகப் புழங்கும் எல்என்பி வகைக்கு அது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையான எல்லை. இவ்வளவு உயர்ந்த அலைவரிசையைச் சாதாரணக் கேபிளில் வீட்டுக்குள் இறக்க முடியாது. சில மீட்டருக்குள் கரைந்துவிடும். அதனால் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி அதைக் கீழே இறக்குகிறது. எல்என்பிக்குள் 9.75 கிகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு சுற்று இருக்கிறது. வானிலிருந்து 11,500 மெகாஹெர்ட்ஸ் வந்தால், அதிலிருந்து 9,750ஐக் கழித்து 1,750 மெகாஹெர்ட்ஸாகக் கேபிளில் அனுப்பும். மேல் பாதி அலைவரிசைகளுக்கு 10.6 கிகாஹெர்ட்ஸ் சுற்று வேலை செய்யும். இப்படிக் கேபிளில் இறங்கி வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

அதே கேபிளில் எதிர்த்திசையிலும் ஒன்று போகிறது: எல்என்பிக்கு வேண்டிய மின்சாரம். ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் எல்என்பி செங்குத்து அலைகளை, அதாவது மேலும் கீழுமாக அதிரும் அலைகளைப் பிடிக்கும். 18 வோல்ட் கொடுத்தால் பக்கவாட்டில் அதிரும் கிடைமட்ட அலைகளைப் பிடிக்கும். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் மேல் பாதிக்கு மாறும். ஒரு சாதாரண வயரில் இத்தனை உரையாடல் நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான். இதைத் தெரிந்துகொண்டால் நடைமுறையிலும் ஒரு பயன் உண்டு. சில சேனல்கள் நன்றாக வந்து, வேறு சில மொத்தமாக மறைந்துபோனால், டிஷ்ஷின் திசையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கேபிளின் இணைப்புகளைப் பாருங்கள். தண்ணீர் புகுந்து துருப்பிடித்த இணைப்பில் 18 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். அப்போது கிடைமட்ட அலைகளில் வரும் சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போகும்.

இந்தக் கேபிளில் மின்சாரம் ஓடுவதால் இன்னொரு பழக்கமும் வேண்டும். திருகி மாட்டும் எஃப் கனெக்டரைக் கழற்றும்போதோ மாட்டும்போதோ ரிசீவரைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. நடுக் கம்பி வெளிப்பின்னலில் உரசினால் ஷார்ட் ஆகும். ரிசீவரின் உள்ளே உள்ள மின்சுற்று பழுதாகலாம்.

டிஷ் கேபிளை நேரடியாக டிவியின் ஆன்டெனா துளையில் செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. படம் வராது. அந்தத் துளை தரைவழி ஒளிபரப்புக்கு. அதற்கு வேறு அலைவரிசை, வேறு பண்பேற்ற முறை (அலையில் தகவலை ஏற்றும் விதம்). எல்என்பிக்கு மின்சாரம் கொடுக்கவும் அதற்குத் தெரியாது. சில புதிய டிவிகளில் செயற்கைக்கோள் டியூனரே உள்ளே இருக்கும். அவற்றில் திருகி மாட்டும் எஃப் துளை ஒன்று தனியாக இருக்கும். அது இல்லையென்றால் ரிசீவர் வேண்டும்.

ரிசீவருக்குள் என்ன நடக்கிறது

கேபிளில் வருவது படமே அல்ல. இறுக்கிச் சுருட்டப்பட்ட எண்கள். ஒரு எச்டி சேனலுக்கு விண்ணிலிருந்து நொடிக்குச் சில மெகாபிட்டுகள் முதல் பத்துப் பதினைந்து மெகாபிட்டுகள் வரை வருகின்றன. ஆனால் அந்தப் படத்தை முழுதாக விரித்தால் அதன் அளவு எவ்வளவு? குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 60 படங்கள் என்று பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 3 கிகாபிட். நூற்றுக்கணக்கான மடங்கு. ஒளிபரப்பு நிலையம் எம்பெக்-2, எச்.264, எச்இவிசி போன்ற முறைகளில் ஒன்றைக் கொண்டு சுருக்குகிறது. ரிசீவர் அதைப் பிரித்து விரித்து டிவிக்குக் கொடுக்கிறது. ரிசீவரின் முக்கிய வேலையே இதுதான். பழைய ரிசீவரில் சில புதிய சேனல்கள் பெயர் மட்டும் வந்து படம் வராமல் இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது: அந்தச் சுருக்க முறையைப் பிரிக்க அதற்குத் தெரியாது. ஒலி மட்டும் கேட்டுப் படம் கருப்பாக இருப்பதும் இதே கதையாக இருக்கலாம்.

இதிலிருந்து கோளாறைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணும் ஒரு வழி கிடைக்கிறது. சுருக்கிய எண்களில் கொஞ்சம் தொலைந்துபோனால் படம் சதுரம் சதுரமாக உடையும், உறைந்து நிற்கும், ஒலி விட்டுவிட்டு வரும். அதனால் கட்டம் கட்டமாக உடையும் படத்தைப் பார்த்தால் டிஷ் பக்கம் போகலாம்: மழை, திசை, எல்என்பி, கேபிள். கனமழையில் படம் உடைவதற்கும் விளக்கம் உண்டு. 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 2.5 சென்டிமீட்டர், இவ்வளவு குறுகிய அலையை மழைத்துளிகள் உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. மழை விட்டதும் தானாகச் சரியாகிவிடும் கோளாறுக்கு ஏணி தேவையில்லை.

மாறாக, படம் மேலும் கீழுமாக உருள்கிறது, நிறம் போய்க் கருப்பு வெள்ளையாகிறது, முகம் பச்சையடிக்கிறது, எழுத்துகளின் ஓரம் நெளிகிறது, நிழல் போல இரட்டைப் படம் தெரிகிறது என்றால், டிஷ் குற்றவாளி அல்ல. அவையெல்லாம் ரிசீவர் படத்தை விரித்த பிறகு, டிவிக்குப் போகும் வழியில் நடப்பவை. அந்த வழியின் விதிகளைத்தான் வீடியோ சிக்னல் தரங்கள் என்கிறோம். அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

கோடுகளால் ஆன படம்

பழைய பிக்சர் டியூப் டிவியில் ஓர் எலக்ட்ரான் கற்றை திரையை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக உழுதுகொண்டே மேலிருந்து கீழே வரும். ஒரு கோடு முடிந்ததும் "அடுத்த கோட்டுக்குப் போ" என்றும், கடைசிக் கோடு முடிந்ததும் "மேலே போ" என்றும் யாராவது சொல்ல வேண்டும். அதற்காகச் சிக்னலுக்குள்ளேயே துடிப்புகள் வைத்தார்கள். கம்பியில் போகும் வீடியோ சிக்னலின் மொத்த உயரம் 1 வோல்ட். அதில் அடியிலுள்ள 0.3 வோல்ட் இந்த ஒத்திசைவுத் துடிப்புகளுக்கு, மேலுள்ள 0.7 வோல்ட்டில்தான் கருப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தப் படமும் இருக்கிறது. துடிப்பு சரியாகப் போய்ச் சேரவில்லையென்றால் கற்றைக்கு எப்போது மேலே போவது என்று தெரியாது. படம் உருளும்.

ஒரு படத்துக்கு எத்தனை கோடு, நொடிக்கு எத்தனை படம் என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டுத் தரப்படி 525 கோடுகள், நொடிக்கு 30 படங்கள். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். இந்த 30க்கும் 25க்கும் காரணம் மின்சாரம். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை துடிக்கிறது, ஐரோப்பாவில் 50 முறை. படத்தின் வேகம் மின்சாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காலத்து டிவிகளில் திரையில் மங்கல் பட்டைகள் ஊர்ந்து செல்லும். அதனால் இரண்டையும் பொருத்தினார்கள்.

60இல் பாதி 30, 50இல் பாதி 25. ஏன் பாதி? ஒரு படத்தை ஒரே மூச்சில் வரையாமல் முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும், பிறகு இரட்டைப்படைக் கோடுகளை மட்டும் வரைந்தார்கள். நொடிக்கு 25 முழுப் படங்கள் என்றாலும் திரை 50 முறை புதுப்பிக்கப்படுகிறது. கண்ணுக்குச் சிமிட்டல் குறைகிறது, அனுப்ப வேண்டிய தகவலும் கூடவில்லை. நல்ல தந்திரம். 1080ஐ என்பதில் உள்ள ‘ஐ’ இந்தக் கோடுவிட்டுக் கோடு வரையும் முறையைக் குறிக்கிறது. 1080பி என்பதில் உள்ள ‘பி’ எல்லாக் கோடுகளையும் வரிசையாக வரைவது.

பிறகு நிறம் வந்தது. ஏற்கெனவே லட்சக்கணக்கான கருப்பு வெள்ளை டிவிகள் வீடுகளில் இருந்தன. அவற்றைத் தூக்கிப்போடச் சொல்ல முடியாது. அதனால் பழைய வெளிச்சச் சிக்னலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல்பகுதியில் நிறத்துக்கென ஒரு துணை அலையை ஒட்டினார்கள். கருப்பு வெள்ளை டிவி அதைக் கண்டுகொள்ளாது. கலர் டிவி பிரித்தெடுத்துக்கொள்ளும். 1953இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட என்டிஎஸ்சி கலர் முறை இது. துணை அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். இந்த அலையும் ஒலி அலையும் மோதிக்கொள்ளாமலிருக்க, நொடிக்கு 30 படங்கள் என்பதை ஒரு துளி குறைத்து 29.97 ஆக்கினார்கள். அந்த விசித்திர எண் இன்றைய டிஜிட்டல் வீடியோக்களிலும் அப்படியே இருக்கிறது.

என்டிஎஸ்சியில் நிறம் என்பது அந்தத் துணை அலையின் கட்டத்தில், அதாவது அது முன்பின் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. வழியில் கட்டம் கொஞ்சம் பிசகினாலும் முகத்தின் நிறம் மாறிவிடும். அதனால்தான் அந்த டிவிகளில் நிறச்சாயலைத் திருத்தத் தனிக் குமிழ் இருந்தது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் 1960களின் தொடக்கத்தில் இதற்கு அழகான தீர்வு கண்டார். ஒரு கோட்டில் நிறத்தின் ஒரு கூற்றை நேராக அனுப்பு, அடுத்த கோட்டில் தலைகீழாக அனுப்பு. வழியில் பிசகு நேர்ந்தால் ஒரு கோட்டில் ஒரு பக்கமும் அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கமும் விலகும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிசகு அடித்துப்போகும். ‘பால்’ முறை என்பது இதுதான். கோட்டுக்குக் கோடு கட்டத்தை மாற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அந்தப் பெயர். இதன் துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். பிரான்ஸ் வேறு வழியில் போனது: நிறத்தின் இரண்டு கூறுகளையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் ஒரு கோட்டில் ஒன்று, அடுத்ததில் மற்றொன்று என்று அனுப்பி, முந்தைய கோட்டை டிவியே நினைவில் வைத்துக்கொள்ளச் செய்தது. அது செகாம். பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் ‘பால்’ முறையிலும் பிரான்ஸ் செகாம் முறையிலும் 1967இல் கலர் ஒளிபரப்பைத் தொடங்கின.

இவ்வளவும் உங்கள் ரிசீவர் மெனுவில் ஒரே ஒரு வரியாக இருக்கிறது: ‘பால்’, என்டிஎஸ்சி, ஆட்டோ. பழைய டிவியை மஞ்சள் கேபிளில் இணைத்தவர்களுக்கு அந்த வரி மிக முக்கியம். ‘பால்’ மட்டுமே தெரிந்த டிவிக்கு என்டிஎஸ்சி அனுப்பினால், டிவி எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்துப் படம் உருளும், அல்லது நின்றாலும் நிறமில்லாமல் கருப்பு வெள்ளையாக நிற்கும். வெளிச்சமும் கோடுகளும் புரிகின்றன, நிறத்தின் மொழி மட்டும் புரியவில்லை என்று அர்த்தம். டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியை மாற்றிப் பாருங்கள்.

கேபிள்களின் வரிசை

பின்பக்கத்தில் இருக்கும் துளைகளில் எதைத் தேர்வது? என் பதில்: எச்டிஎம்ஐ இருந்தால் அதையே போடுங்கள். ஆனால் எல்லா டிவியிலும் அது இல்லை, எல்லா ரிசீவரிலும் இல்லை. ஆகவே அடியிலிருந்து மேலே போவோம்.

மிகப் பழைய வழி, ஆன்டெனா துளை வழியாக இணைப்பது. ரிசீவரே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் போலப் படத்தையும் ஒலியையும் ஒரு சேனலில் ஏற்றி அனுப்பும். டிவியில் அந்தச் சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். தரம் குறைவு. இதில் படம் வந்து ஒலி மட்டும் இரைச்சலாக இருந்தால் ஒரு காரணத்தை முதலில் பாருங்கள். படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுபடும்: 4.5, 5.5, 6.0, 6.5 மெகாஹெர்ட்ஸ் என்று நான்கு வழக்குகள். ரிசீவரின் மெனுவில் பிஜி, ஐ, டிகே என்று எழுத்துகளாக இருப்பவை இவைதான். டிவி எதிர்பார்க்கும் எழுத்தைத் தேர்ந்தால் ஒலி வந்துவிடும்.

அடுத்தது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை கொண்ட ஏவி கேபிள். மஞ்சளில் படம், வெள்ளையில் இடது ஒலி, சிவப்பில் வலது ஒலி. வெளிச்சம், நிறம், ஒத்திசைவு எல்லாம் ஒரே மஞ்சள் கம்பியில் கலந்து போவதால் இதற்குக் காம்போசிட் என்று பெயர். கலந்ததைத் திரும்பப் பிரிப்பது டிவியின் பாடு. முழுதாகப் பிரிக்கவும் முடியாது. செய்தி வாசிப்பவரின் சட்டையில் நெருக்கமான கோடுகள் இருந்தால் அதில் வானவில் நிறங்கள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தின் நுண்ணிய விவரத்தை டிவி நிறம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. கேபிளை மாற்றினாலும் அது போகாது, ஏனென்றால் அந்தக் குறை காம்போசிட் முறையிலேயே இருக்கிறது.

சிறிய ரிசீவர்களில் மூன்று துளைக்குப் பதில் ஹெட்ஃபோன் துளை போல 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றுதான் இருக்கும். அதற்கு நான்கு பட்டை கொண்ட ஜாக் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எந்தப் பட்டையில் படம், எதில் ஒலி, எதில் தரையிணைப்பு என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கேபிள்கள் உள்ளே வேறாக இருக்கும். படம் வராமல் ஸ்பீக்கரில் "ங்ங்ங்" என்று ரீங்காரம் மட்டும் கேட்டால், படச் சிக்னல் ஒலித் துளைக்குள் போகிறது. மஞ்சள் துளையில் சிவப்புத் தலையையும் வெள்ளைத் தலையையும் மாறி மாறிச் செருகிப் பாருங்கள். சிலவற்றில் அதோடு சரியாகிவிடும். தரையிணைப்புப் பட்டையே மாறியிருந்தால் அந்தக் கேபிள் உதவாது. ரிசீவரோடு வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எஸ்-வீடியோ வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பியது. அதனால் அந்த வானவில் மறைந்தது. ஐரோப்பாவில் 21 ஊசி கொண்ட ஸ்கார்ட் பரவியது. பிரான்சில் பிறந்த அது காம்போசிட், எஸ்-வீடியோ, சிவப்பு பச்சை நீலம் மூன்றும் தனித்தனியாக (ஆர்ஜிபி), இருபக்க ஒலி என எல்லாவற்றையும் ஒரே முரட்டுக் கேபிளில் ஏற்றியது. அதன் 8ஆம் ஊசியில் ரிசீவர் சுமார் 12 வோல்ட் கொடுத்தால் டிவி தானாக அந்த இன்புட்டுக்கு மாறும். சுமார் 6 வோல்ட் கொடுத்தால் அகலத்திரை வடிவம் என்று புரிந்துகொள்ளும். ஸ்கார்ட்டில் இணைத்துப் படம் மங்கலாக இருந்தால் ரிசீவர் மெனுவில் வெளியீடு காம்போசிட்டில் இருக்கிறதா என்று பார்த்து ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அதே கேபிள்தான், படம் பளிச்சென்று ஆகிவிடும்.

காம்போனன்ட் என்பது பச்சை, நீலம், சிவப்பு என மூன்று வீடியோ கம்பிகள். பெயர் காம்போசிட் போலவே ஒலிப்பதால் குழப்பம் வரும், இரண்டும் வேறு. நிறங்களைப் பார்த்து ஆர்ஜிபி என்றும் நினைத்துவிடக் கூடாது. பச்சைத் தலையில் போவது வெளிச்சமும் ஒத்திசைவும். மற்ற இரண்டில் போவது நிற வேறுபாடுகள். அதனால் பச்சையை மட்டும் செருகினால் நல்ல கருப்பு வெள்ளைப் படம் வரும். நீலத்தையும் சிவப்பையும் மாற்றிச் செருகினால் வானம் செம்மஞ்சளாகும், முகங்கள் நீலம் பாரிக்கும். ஒலிக்கான சிவப்புத் தலையும் வீடியோவுக்கான சிவப்புத் தலையும் உருவத்தில் ஒன்றுதான். ஐந்து தலைகளையும் செருகும்போது துளையின் மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அனலாக் கேபிளாக இருந்தும் 720பி, 1080ஐ வரை இது தாங்கும்.

எச்டிஎம்ஐ: பேசிக்கொள்ளும் கேபிள்

எச்டிஎம்ஐயின் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வந்தது. 19 ஊசிகள். படமும் ஒலியும் எண்களாகவே போகின்றன. முன்பு சொன்ன 3 கிகாபிட் வெள்ளம் இந்தக் கேபிளில்தான் ஓடுகிறது. எண்களாகப் போவதால் மங்கலாக வருவது, நிழலடிப்பது எல்லாம் இதில் இல்லை. கேபிள் மோசமாக இருந்தால் திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், அல்லது ஒரு நொடி கருப்பாகித் திரும்பும், அல்லது படமே வராது. ஒழுங்காக வந்துவிட்டால், விலையுயர்ந்த கேபிள் போட்டு அதை மேலும் அழகாக்க முடியாது. இதில் செலவழிக்க நினைப்பதை டிஷ் பக்கத்து நல்ல கேபிளுக்கும் கனெக்டருக்கும் செலவழிக்கலாம்.

மற்ற கேபிள்களுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: இரு முனைகளும் பேசிக்கொள்கின்றன. செருகியவுடன் ரிசீவர் டிவியிடம் "உன்னால் எதையெல்லாம் காட்ட முடியும்?" என்று கேட்கிறது. டிவி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியலை நீட்டுகிறது. அதைப் பார்த்து ரிசீவர் 1080பி அனுப்பலாமா 720பி போதுமா என்று முடிவு செய்கிறது. அதன்பின் எச்டிசிபி எனும் காப்பு முறைப்படி இரண்டும் சாவிகளைச் சரிபார்த்துக்கொள்கின்றன. படம் திருட்டுப் பதிவாகாமல் தடுப்பதற்காக இன்டெல் உருவாக்கிய ஏற்பாடு அது. இந்த உரையாடலில் எங்கேனும் தடங்கல் வந்தால் கேபிளும் சரி, டிவியும் சரி, ரிசீவரும் சரி, ஆனால் படம் மட்டும் வராது. மெனு தெரிந்து சில சேனல்கள் மட்டும் கருப்பாக இருந்தாலும் இதைச் சந்தேகிக்கலாம். இரண்டையும் மின்சாரத்திலிருந்து எடுத்துவிட்டு, முதலில் டிவியையும் பிறகு ரிசீவரையும் போடுங்கள். உரையாடல் புதிதாகத் தொடங்கும்.

மெனுவில் எல்லா அளவுகளையும் மாற்றிப் பார்க்கும் ஆர்வத்தில், டிவியால் காட்ட முடியாத ஒன்றைத் தேர்ந்துவிடுவதும் நடக்கும். உடனே திரை கருப்பாகும். திருப்பி மாற்ற மெனுவும் தெரியாது. பல ரிசீவர் ரிமோட்டுகளில் வீடியோ அளவை மாற்றவென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருமுறை அழுத்திச் சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் அழுத்தி, படம் திரும்பும் வரை ஒவ்வொன்றாக நகருங்கள். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் ஏவி கேபிளில் தற்காலிகமாக இணைத்து, அதன் வழியாக மெனுவைப் பார்த்து மாற்றலாம்.

50, 60 என்ற பழைய பிரிவு எச்டிஎம்ஐ காலத்திலும் மறையவில்லை. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து வரி வழுக்கிக்கொண்டு போகாமல் திக்கித் திக்கிப் போகிறதா? சேனல் நொடிக்கு 50 என்ற கணக்கில் வர, ரிசீவர் 60இல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். 50ஐ 60 ஆக்க, ஐந்துக்கு ஒன்று என்று படத்தை இரட்டிக்க வேண்டும். அந்த இரட்டிப்புதான் திக்கலாகத் தெரிகிறது. மெனுவில் 1080ஐ 50 அல்லது 1080பி 50 என்று மாற்றுங்கள். டிஷ்ஷையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தும் தீராத இந்தத் திக்கல் ஒரே வரியில் தீர்ந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4கே ரிசீவர் வாங்கியவர்கள் டிவியின் எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, 4கே படத்தை நொடிக்கு 30 வரைதான் தாங்கும்; 2013இல் வந்த 2.0தான் 60 வரை தாங்கும். ஒரே டிவியில் ஒரு துளை புதிய வகையாகவும் மற்றது பழைய வகையாகவும் இருப்பதுண்டு.

புதிய ரிசீவர், பழைய டிவி

ரிசீவரில் எச்டிஎம்ஐ மட்டும், டிவியில் மஞ்சள் துளை மட்டும் என்று சிக்கிக்கொள்பவர்கள் நிறைய. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் தலைகள் என்று வெறும் கேபிளாக விற்பதை வாங்காதீர்கள். ஒரு பக்கம் எண்கள், மறுபக்கம் 1 வோல்ட் அலை. நடுவில் மின்சாரம் வாங்கி மொழிபெயர்க்கும் ஒரு சுற்று இல்லாமல் ஒன்று மற்றொன்றாக மாறாது. தனி மின் இணைப்பு உள்ள சிறு பெட்டியாக வரும் மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். ‘எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி’ என்று இருக்க வேண்டும். ‘ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ’ என்பது எதிர்த்திசைக்கானது, தவறி வாங்கினால் வேலை செய்யாது. பல மாற்றிகளின் பக்கவாட்டில் ‘பால்’, என்டிஎஸ்சி என்று ஒரு சிறு விசை இருக்கும். அது எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பழைய டிவியின் வடிவம் 4:3, இன்றைய ஒளிபரப்பு 16:9. ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால், அகலப் படத்தைக் குறுகிய திரையில் நெருக்கி அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். ரிசீவரின் மெனுவில் டிவியின் வடிவம் என்ற இடத்தில் 4:3 என்று தேர்ந்து, மேலும் கீழும் கருப்புப் பட்டை விடும் முறையைப் போடுங்கள். புதிய டிவியில் சேனல் சின்னமும் ஓடும் வரியும் ஓரத்தில் வெட்டுப்பட்டால் அதை ரிசீவரில் தேட வேண்டாம். டிவியே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை மறைக்கிறது. பிக்சர் டியூப் காலத்தில் ஓரக் கோணல்களை ஒளிக்க வந்த அந்தப் பழக்கம் தட்டைத் திரைகளிலும் ஒட்டிக்கொண்டது. டிவியின் பட அமைப்பில் முழு அளவு, ஒன்றுக்கு ஒன்று என்ற பொருளில் இருக்கும் தெரிவைப் போட்டால் சின்னம் திரைக்குள் வந்துவிடும்.